பெமர்ட்டன் போதகர் ஜார்ஜ் ஹெர்பர்ட்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலரும் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்னும் பெயரைப் பாடற்றிரட்டுகளில் கண்டிருப்பர். மூன்று நான்கு சிறு பாடல்களும், அவற்றின் அடியிலே பரீட்சைக்கு வேண்டும் குறிப்புகளுமாக அவரை அறிந்து, அவ்வளவில் விட்டுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். அவர் ஒரு சிற்றூரில் மூன்று வருஷமேனும் நிறைவுறாத காலம் சபைப் போதகராயிருந்து மறைந்தவர் என்பதும், அவ்வூர்த் துடைப்பத்திலும் கலப்பையிலும் வேலியோரத்துப் பச்சிலையிலும் தம் விசுவாசத்திற்கு வேண்டும் ஆதாரங்களைத் தேடியவர் என்பதும் நினைவிற்கு வருவதில்லை. அத்தேட்டம் எளிதாகக் கைகூடியதுமன்று. அவர் சரித்திரத்தை அவ்வழியே நோக்கி இங்குச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

ஹெர்பர்ட் கி. பி. 1593-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி வேல்ஸ் நாட்டு மாண்ட்கமரி நகரில் பிறந்தார். அவருடைய குலம் செல்வமும் வீரமும் செருக்கும் ஒருங்கே வாய்ந்த பெருங்குலம். தந்தையார் 1596-ஆம் ஆண்டிலேயே காலஞ்சென்றமையால், ஆண்மக்கள் எழுவரையும் பெண்மக்கள் மூவரையும் வளர்த்து ஆளாக்கும் பாரம் தாயாராகிய மக்டலீன் அம்மையார் தலைமேல் வீழ்ந்தது. அவ்வம்மையார் கல்வியும் பக்தியும் நிறைந்தவர். கவிஞரும் பிரசங்கியாருமாகிய ஜான் டன் என்பவர்க்கு உற்ற நண்பர். ஞாயிற்றுக்கிழமை இரவுதோறும் வீட்டார் அனைவரும் கூடிச் சங்கீதங்களை மகிழ்ச்சியோடு பாடி அந்நாளை முடிப்பது அவ்வில்லத்து வழக்கம் என்று டன் சொல்லியிருக்கிறார். மூத்த புதல்வராகிய எட்வர்டு பிற்காலத்தில் பிரான்சு தேசத்திற்கு அரசதூதராகச் சென்றார். தத்துவ நூலும் இயற்றினார். ஐந்தாம் புதல்வராகிய நம் ஜார்ஜ், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாடசாலையில் கற்று, 1609-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். அடுத்த புத்தாண்டில், பதினாறு வயதுச் சிறுவராயிருக்கும்போதே, தாயாருக்கு இரண்டு பாடல்கள் எழுதியனுப்பி, தம் கவித்திறம் முழுவதும் கடவுளுக்கே உரியதாகுமென்று தெரிவித்துக்கொண்டார். பதினாறு வயதில் செய்யும் பிரதிக்கினைகள் எளியவை. அதற்குரிய கணக்கு வெகுநாள் கழித்தே கேட்கப்படும்.

1616-ஆம் ஆண்டில் எம். ஏ. பட்டம் பெற்றார். 1618-இல் அணியியல் போதிக்கும் ஆசிரியரானார். 1620-ஆம் ஆண்டில் சர்வகலாசாலையின் பொதுச் சொற்பொழிவாளர் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அப்பதவியின் தன்மையை இங்கே சற்று விளக்க வேண்டும். அரசரும் பிரபுக்களும் கேம்பிரிட்ஜுக்கு எழுந்தருளும்போது இலத்தீன் பாஷையில் அவர்களை வரவேற்பதும், சர்வகலாசாலையின் சார்பாக அவர்களுக்கு நன்றியும் விண்ணப்பமும் அப்பாஷையிலேயே வரைவதும் அவ்வுத்தியோகஸ்தர் கடமை. ஆகவே அரசர் கண்ணிலும் செவியிலும் படுவதற்கு அதனினும் சிறந்த இடம் வேறில்லை. முன்பு அதனை வகித்த ராபர்ட் நான்டன் என்பவர் 1618-இல் அரசாங்கக் காரியதரிசியாகவே உயர்ந்திருந்தார். ஹெர்பர்ட்டும் அவ்வழியை நோக்கியிருந்தார் என்பதில் ஐயமில்லை. நேர்த்தியான உடையில் அவருக்கு விருப்பமிருந்தது; குலப்பெருமையும் இருந்தது. ஜேம்ஸ் அரசருக்கு அவர் எழுதிய கடிதங்கள் அரசர் உள்ளத்தைக் கவர்ந்தன. திறமையுடைய வாலிபன் தன் திறமைக்கேற்ற மேடையை விரும்புவதில் குற்றம் காண நாம் முன்வரோம்.

ஆயினும் அம்மேடை சரிந்தது. 1624-ஆம் ஆண்டில் மாண்ட்கமரியின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் அமர்ந்தார். அவரை ஆதரித்துவந்த ரிச்மண்டு பிரபு அவ்வருஷத்திலேயே மரித்தார். ஹாமில்டன் பிரபுவும் ஜேம்ஸ் அரசரும் 1625-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1627-இல் தாயாரும் இறந்தார். இவற்றோடு ஓயாத சுரமும் நலிவும் அவர் உடம்பை வருத்தின. இக்காலத்துப் பாடலொன்றில், தம்மால் யாதொரு பயனுமில்லை. தாம் ஒரு மரமாகப் பிறந்திருந்தால் ஒரு பறவையாவது தம் கிளையில் கூடு கட்டியிருக்குமே என்று ஏங்குகிறார். புலமை, குலம், பதவி ஆகிய யாவும் பெற்ற ஒருவர், காய்க்கும் மரத்தின்மேல் பொறாமை கொள்வதை மாணவர் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

அவருடைய பாடல்களுள் இன்று மிகவும் அறியப்பட்டதொன்று, வீடு கூட்டும் வேலைக்காரரைப் பற்றியது. கடவுளுக்கென்று எண்ணி ஓர் அறையைப் பெருக்கினால், அறையும் தூயதாகும், பெருக்கும் செயலும் தூயதாகும் என்பது அதன் கருத்து. நம் நாட்டுச் சித்தர்கள் இரும்பைப் பொன்னாக்கும் பரிசனவேதியைப் பற்றிக் கூறுவதுபோல, ஐரோப்பாவிலும் இரசவாதிகள் அத்தகைய கல்லொன்றைத் தேடித் திரிந்தனர். அந்தக் கல் வேறெங்குமில்லை, இவ்வெண்ணமே அது என்கிறார் ஹெர்பர்ட். இப்பாடலை யாவரும் கிராமப் போதகரின் அநுபவம் என்றே கொள்வர். உண்மை அதுவன்று. டாக்டர் வில்லியம்ஸ் நூல்நிலையத்துக்குரிய பழைய கையெழுத்துப் பிரதியில் இப்பாடல் முதலில் வேறொரு தலைப்போடு எழுதப்பட்டு, பின்பு ஹெர்பர்ட்டின் கையாலேயே திருத்தப்பட்டிருக்கிறது. அப்பிரதி அவர் கிராமத்திற்குச் செல்லுமுன் எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. அஃதுண்மையாயின், துடைப்பத்தின் பெருமையைப் பாடியபோது அவர் துடைப்பத்திற்கு வெகுதூரத்தில், பட்டாடையோடு, சர்வகலாசாலை மண்டபத்தில் நின்றிருந்தார் என்றே கொள்ளவேண்டும். எழுதிய கவியை வாழ்ந்து பார்க்கும் கடன் அதன்பின் அவரை வந்து பற்றியது.

1626-ஆம் ஆண்டில் ஹண்டிங்டன் சீமையிலுள்ள லேய்ட்டன் என்னும் ஊரின் வருமானம் அவருக்கு அளிக்கப்பட்டது. அங்கே இடிந்து பாழாய்க் கிடந்த தேவாலயத்தை நண்பரிடம் பொருள் திரட்டிப் புதுப்பித்தார். ஜெபம் வாசிக்கும் மேடையையும் பிரசங்க மேடையையும் ஒரே உயரமாக அமைப்பித்தார். வேண்டுதலும் போதித்தலும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவையல்ல என்பது காரணம். 1629-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜேன் டான்வர்ஸ் என்னும் மாதரசியை மணந்தார். முதன்முதல் கண்ட மூன்றாம் நாளே மணம் நடந்ததென்று அவருடைய பழைய சரித்திரக்காரராகிய ஐஸக் வால்ட்டன் எழுதுகிறார். மணமகள் ஹெர்பர்ட்டின் மாற்றாந்தந்தையாருக்கு நெருங்கிய உறவினளாதலின் அதனை நம்புவது கடினம். வால்ட்டன் தமது நூலை ஹெர்பர்ட் இறந்து 37 ஆண்டுகள் கழித்து, 1670-இல் வெளியிட்டார். அன்பின் மிகுதியால் சில இடங்களில் வண்ணம் தீட்டியிருக்கிறார். ஆயினும் அவரின்றேல் நாம் அறியக்கூடியது மிகக் குறைவு.

1630-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹெர்பர்ட் வில்ட்ஷயர் சீமையில் பகிள்ஸ்டன், பெமர்ட்டன் ஆகிய ஊர்கள் அடங்கிய சேகரத்திற்குப் போதகராக நியமிக்கப்பட்டார். அவ்வருஷம் செப்டம்பரில் முழுக் குருப்பட்டம் பெற்றார். உடைவாளையும் பட்டையும் களைந்து கறுப்பு அங்கி தரித்தார். அக்கால வழக்கப்படி, புதிய போதகர் தேவாலயத்துக்குள் தனியே விடப்பட்டுத் தாமே மணியடித்துப் பொறுப்பை ஏற்கவேண்டும். மணியோசைக்குப் பின் வெகுநேரமாகியும் அவர் வெளியே வரக் காணாமல், நண்பர் ஒருவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, பீடத்தின்முன் தரையில் முகங்குப்புற வீழ்ந்து கிடந்தாராம்.

பெமர்ட்டன் தேவாலயம் மிகச் சிறியது. எதிரே போதகர் இல்லம் பழுதுற்றுக் கிடந்தது. அதனைத் தம் செலவிலேயே கட்டினார். தோட்டத்தின் ஓரமாக நாடர் என்னும் சிற்றாறு ஓடும். புல்வெளிக்கு அப்பால் ஸாலிஸ்பரிப் பேராலயத்தின் உயர்ந்த கோபுரம் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் அப்பேராலயத்திற்கு நடந்து சென்று மாலை ஆராதனையின் கீதங்களைக் கேட்டுவருவார். நண்பரோடு கூடி வாத்தியம் வாசிப்பதும் உண்டு. வீட்டில் மனைவியாரும், பெற்றோரை இழந்த தமக்கை மகளிர் மூவரும் இருந்தனர். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இவர்களோடு தேவாலயம் சென்று ஜெபம் வாசிப்பார். அம்மணி கேட்டதும் வயலில் உழுவோர் சிலர் ஏரை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஜெபித்துவிட்டுப் பின்பு உழவைத் தொடர்வராம்.

இவ்வூரில் அவர் என்ன எண்ணினார், என்ன செய்ய முயன்றார் என்பதற்கு வால்ட்டனினும் சிறந்த சாட்சி உண்டு. 1632-ஆம் ஆண்டில் முகவுரையிட்ட கிராமப் போதகர் என்னும் பொருள்படும் வசன நூலே அது. 37 சிறு அத்தியாயங்கள் கொண்டது. போதகர் இருக்கவேண்டிய விதத்தைத் தமக்கே இலக்காக வரைந்துகொண்டதாதலின், அதிற் சொன்ன யாவும் அவர் செய்து முடித்தவை என்று கொள்ளலாகாது. எட்டாத இடத்தையும் குறித்துவைத்திருக்கிறார் என்பதே அந்நூலின் நேர்மை.

வேதசாஸ்திரத்தோடு உழவும் மேய்ச்சலும் போதகருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறார். சபையாரைக் காணப் புறப்படுவதற்கு ஞாயிறு தகாது, வேலைநாளின் பிற்பகலே தக்கது. ஞாயிற்றில் அவர்கள் முகத்தைத் திருத்திக்கொண்டு வருவர், வேலைநாளிலோ தம் இயல்பில் இருப்பர் என்கிறார். எத்துணை ஏழையின் குடிசையாயினும், உள்ளே தவழ்ந்து நுழையவேண்டியதாயினும், துர்நாற்றம் வீசினும் போதகர் அருவருத்து நிற்கலாகாதாம். கடவுள் அங்கும் இருக்கிறார் என்பதே அதற்குக் காரணம். அரண்மனை வாசனையில் பழகிய ஒருவர் எழுதிய வாக்கியம் என்பதை மறவாமல் இதனைப் படிக்கவேண்டும். அந்நாற்றத்தை அவர் மறைக்கவுமில்லை, மணமென்று புனையவுமில்லை.

ஞானோபதேச வகுப்பில் பாடம் ஒப்பிக்கச் செய்வதோடு நிறுத்தலாகாது என்பது அவர் கருத்து. மனிதன் நிர்ப்பந்தமான நிலையில் இருக்கும்போது செய்யத்தக்கது யாது என்று கேட்கும்போது உழவன் விடையறியாது விழித்தால், அவன் ஒரு பள்ளத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வான் என்று திருப்பிக் கேட்கவேண்டும். விடை தானே வெளிவரும். பிரசங்கத்தில் உறங்கலாம், கேள்விக்கு முன் உறங்கமுடியாது என்பதும் அவர் கண்ட உண்மை; ஆசிரியர் அனைவரும் இதனை ஒப்புக்கொள்வர். கிறிஸ்துநாதர் விதையையும் களையையும் புளித்தமாவையும் லீலிமலரையும் உவமையாக எடுத்தது, உழைக்கும் ஜனங்கள் தோட்டத்திலும் வயலிலும் எங்கே திரும்பினும் அவருடைய போதனையை எதிரே காணும்படியாகவே என்று அவர் உணர்ந்திருந்தார். ஆகையால் உவமை அவருக்கு அலங்காரமன்று. வேலைநாளின் நடுவே நாட்டிவைத்த நினைவுக்கல்.

மருந்து விஷயமும் இவ்வாறே. பட்டணத்துக் கடையில் விலையுயர்ந்த சரக்குகளை நாடாமல், போதகரும் மனைவியும் தோட்டத்திலும் வேலியிலும் விளையும் மூலிகைகளின் குணத்தை அறிந்து ஏழைகளுக்கு உதவவேண்டும் என்று கூறி, இன்ன சரக்குக்கு இன்ன பச்சிலை ஈடு என்று குறிப்பும் தருகிறார். தேவாலயத்தில் தூசியும் ஒட்டடையும் இருக்கலாகாது, புத்தகங்கள் கிழிந்திருக்கலாகாது, திருநாளில் தழை பரப்பவேண்டும். பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. (அக்காலத்தில் அது குறுகிய பிரசங்கமே!) பெமர்ட்டனில் தம் முதற் பிரசங்கத்தைப் பெரும் புலமையோடும் சொல்வன்மையோடும் செய்துவிட்டு, இறுதியில், இனி இவ்விதமாகப் பேசுவதில்லை, எளிய நடையிலேயே பேசுவேன் என்று சபையாருக்கு அறிவித்தார் என்பர். பொதுச் சொற்பொழிவாளர் தம் பதவியைத் துறந்தது மெய்யாகவே அன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்நூலில் நம் மனத்தை மிகவும் ஈர்க்கும் அத்தியாயம் தெய்வ பராமரிப்பைப் பற்றியது. நன்றாக உழுது எருவிட்டால் தானியம் விளைந்தே தீரும், மாட்டைப் பேணித் தீனியிட்டால் பாலும் கன்றும் வந்தே தீரும் என்று நாட்டுப்புறத்தார் எண்ணுகின்றனர் என்பதைக் கண்டார். இவர்கள் நாஸ்திகரல்லர், ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருபவரே. ஆயினும் வயலிலே கடவுளுக்கு வேலையில்லை என்பது அவர்கள் உள்ளத்தின் அடியில் கிடக்கும் எண்ணம். இதற்கு அவர் விடை யாது? விதைக்கு முளைக்கும் ஆற்றலைக் கணந்தோறும் காத்து நிற்பவர் ஒருவர் உண்டு. அவ்வாற்றல் குன்றாதிருந்தும் மழையும் வெயிலும் அவர் ஆணையில் நிற்கின்றன. கதிர் முற்றி அறுவடை கைக்கெட்டிய வேளையில் கெடுவதும், களஞ்சியத்தில் சேர்ந்தபின் தீப்பற்றுவதும் உண்டு. யாவும் தவறாமல் வீடு சேர்ந்தாலும், அவற்றால் உள்ளம் நலமடைவது கடவுளின் அருளாலேயே என்கிறார்.

இது அறையில் அமர்ந்து செய்த தர்க்கமன்று. அவர் பெமர்ட்டனுக்கு வந்த அதே 1630-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்தது. தானிய விலை ஏறிற்று. 1631 ஜனவரியில் அரசாங்கத்தார் வறியோரையும் தானிய வியாபாரத்தையும் குறித்துக் கட்டளைப் புத்தகமொன்று வெளியிட நேர்ந்தது. நன்றாக உழுதவனும் அவ்வருஷம் பசித்தான். அத்தகையவனிடம் போய், கடவுளின் கையைக் காணென்று சொல்வது எளிதன்று. சொல்லோடு நின்றால் கொடுமையுமாகும். அதனாலேயே போலும், ஈகையைப் பற்றிய அத்தியாயத்தில், பஞ்ச காலத்தில் போதகர் தம் ஜீவனத்தையே பங்கிடவேண்டும், தானியத்தில் ஒரு பகுதியை இனாமாகவும் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்கும் கொடுக்கவேண்டும், தம்மிடம் உள்ளது போதாதாயின் வசதியுள்ளோரையும் தூண்டவேண்டும் என்று விதிக்கிறார். இவ்விரண்டு அத்தியாயங்களையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

ஒருநாள் ஸாலிஸ்பரிக்கு இசை கேட்கச் செல்லும் வழியில், பாரத்தோடு விழுந்துகிடந்த குதிரையையும் செய்வதறியாது நின்ற ஏழையையும் கண்டு, மேலங்கியைக் கழற்றிவைத்து, சுமையை இறக்கவும் குதிரையைத் தூக்கவும் மறுபடி சுமையேற்றவும் உதவினார் என்பது வால்ட்டன் கூறும் செய்தி. அழுக்கோடு வந்தவரைக் கண்டு நண்பர்கள் வியந்தனர். ஒருவர் அச்செயல் தகாதென்றும் கூறினார். அச்செயலின் நினைவு நள்ளிரவில் தமக்கு இசையாக ஒலிக்கும் என்று விடை தந்துவிட்டு, வாத்தியத்தைச் சுருதி கூட்டுவோம் வாருங்கள் என்றாராம். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இவ்வளவு சொன்னபின் அவர் உள்ளம் அமைதியிலேயே ஊறியிருந்தது என்று முடித்துவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயமாகும். முற்கூறிய பழைய பிரதியில் காணப்படாமல் பிற்காலத்துப் பிரதியில் மட்டும் உள்ள பாடல்களுள் ஒன்று, கழுத்துப்பட்டை என்று பொருள்படும் தலைப்புடையது. ஆகவே அது கிராம வாழ்க்கைக் காலத்தையோ, அதற்குச் சற்று முந்திய காலத்தையோ சேர்ந்தது. அதில் ஒருவன் மேசையை அடித்து, இனிப் பொறுக்கமாட்டேன், புறப்பட்டுவிடுவேன் என்று கூவுகிறான். இதுவரை தனக்குக் கிடைத்த விளைச்சல் முள் மட்டுந்தானோ என்று கேட்கிறான். தானியமும் திராட்சரசமும் தன் கண்ணீராலும் பெருமூச்சாலும் கெட்டன என்கிறான். வரிகள் நீண்டும் குறுகியும் ஒழுங்கற்றுத் தாவுகின்றன. முடிவில் ஒரு தகப்பன் பிள்ளையை அழைப்பதுபோன்ற குரலொன்று கேட்கிறது. அவன் அடங்கி விடை கொடுக்கிறான். துடைப்பத்தைப் பாடியவரே இதனையும் பாடினார். முன்னது தவறென்று பின்னது கூறவில்லை. ஆனால் தினந்தோறும் பெருக்குவோன் ஒருநாள் துடைப்பத்தை வீசியெறிய விரும்புவான் என்பதை மறைக்காமல் உடன்வைத்திருக்கிறார். முன்னதை மட்டும் சுவரில் எழுதி மாட்டுவோர் பின்னதையும் படிப்பது நலம்.

1632-ஆம் ஆண்டின் இறுதியில் காசநோய் முற்றிற்று. படிப்பும் நடையும் நின்றன. நலிந்து கிடந்த அவரை லிட்டில் கிட்டிங் என்னும் ஊரில் குடும்பத்தாரோடு ஜெப வாழ்க்கை நடத்திவந்த தம் நண்பர் நிக்கலஸ் பெராரின் சார்பாக எட்மண்ட் டங்கன் என்பவர் வந்து கண்டார். அவரிடம் தம் பாடல்களின் ஏட்டைக் கொடுத்து, இது கடவுளுக்கும் தம் ஆத்துமாவுக்கும் நடந்த பல போராட்டங்களின் சித்திரம் என்றும், மனம் சோர்ந்த ஏழை ஒருவனுக்கேனும் பயன்படும் என்று பெரார் கருதினால் அச்சிடலாம், இல்லையேல் எரித்துவிடலாம் என்றும் சொல்லியனுப்பினார். மரணத்திற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்து, வாத்தியத்தைக் கொண்டுவரச் செய்து, மீட்டிப் பாடினாராம். 1633-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி உயிர் நீத்தார். அவர்க்கு நாற்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பெரார் அவ்வேட்டை எரிக்கவில்லை. ஆலயம் என்னும் பொருள்படும் பெயரோடு அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜில் அது அச்சாயிற்று. 1670-க்குள் இருபதாயிரம் பிரதிகளுக்குமேல் விற்றன என்கிறார் வால்ட்டன். கிராமப் போதகர் நூலோ 1652-ஆம் ஆண்டுவரை அச்சேறவில்லை. அப்பொழுது உள்நாட்டுப் போர் நடந்து, அரசர் தலை துண்டிக்கப்பட்டு, ஹெர்பர்ட் நாள்தோறும் வாசித்த ஜெபப்புத்தகம் சட்டத்தினால் விலக்கப்பட்டிருந்தது. அவர் வரைந்த அத்தகைய போதகர்கள் பலர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டிருந்தனர். எஞ்சிய காகிதங்களை மறுமணம் புரிந்த மனைவியார் ஹைனம் என்னும் மாளிகையில் பாதுகாத்துவந்தார். அம்மாளிகை கலகத்தில் எரிந்தபோது அவையும் சாம்பலாயின.

அவரை மார்ச்சு 3-ஆம் தேதி அடக்கம் செய்தனர். ஸாலிஸ்பரிப் பேராலயத்துப் பாடகர்கள் வந்து அடக்க ஆராதனையைப் பாடினர் என்றும், கோயிலின் பீடப்பகுதியில் பெரிதுமல்லாத, அத்துணைச் சிறந்ததுமல்லாத ஒரு சலவைக்கல்லின் கீழே, எழுத்தொன்றும் பொறிக்கப்படாமல் அவர் துயில்கின்றார் என்றும் அந்நூற்றாண்டினராகிய ஜான் ஆப்ரி குறித்துவைத்திருக்கிறார்.